ஹேண்டில்பாரில் தங்கிய அங்குலம்

நட்டு பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஸ்டட்டின் தலையில் வைத்து விரலால் திருகினேன். ஒரு சுற்று போனது. அடுத்த அரைச் சுற்றில் கடித்துக்கொண்டு நின்றது. வேறொன்றை எடுத்தேன், அதுவும் அதே இடத்தில் நின்றது. பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "ஸ்பானர் போட்டு ஒரு இழு இழுடா, போயிடும்" என்றார். முப்பத்து நாலு வருஷம் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர்களைக் கட்டி மேய்த்த ஃபிட்டர் அவர். சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? இழுத்தேன். நட்டின் வாயிலிருந்து தலைமுடி போல ஒரு வெள்ளிச் சுருள் வெளியே வந்தது. மரை அறுந்து வருகிறது என்று அர்த்தம்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வண்டி 1978 மாடல் புல்லட், 350. அப்பா அதை 1994இல் மந்தாரக்குப்பத்தில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கினார். எனக்கு அப்போது ரெண்டு வயசு. முதல் ஷிப்டுக்கு அவர் கிளம்பும் சத்தத்தில்தான் எங்கள் வரிசை குவார்ட்டர்ஸே எழுந்திருக்கும் என்று அம்மா சொல்வாள். 2009இல் ஒரு ஸ்கூட்டர் வந்தது. புல்லட் கொல்லையில் தார்ப்பாய்க்குள் போனது. பதினாறு வருஷம் அங்கேயே நின்றது.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ரிட்டயர்மென்ட் என்றால் வேலை மட்டும் போவதில்லை, வீடும் போகும். பலா மரம், துளசி மாடம், சுவரில் என் உயரத்தைக் கோடு போட்டு வைத்த கதவு நிலை எல்லாமே கம்பெனியுடையது. சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். வடலூரில் சின்னதாக ஒரு வீடு கட்டியாயிற்று. சாமான்கள் லாரியில் போகும். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வண்டிய லாரில ஏத்தக் கூடாது. ஆர்ச் கேட் வழியா நானே ஓட்டிட்டுப் போவணும்."

என்ஜினைப் பண்ருட்டி மெக்கானிக் ஒருவர் திறந்து முடித்துக் கொடுத்துவிட்டார். பெயிண்ட்டும் ஆனது. மிச்சம் ஹேண்டில்பார் மட்டும்: கிளிப், லீவர், கேபிள், சுவிட்ச், கிரிப், முன்விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து ஆபீஸ் கால்களுக்கு நடுவே செய்ததில் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த நட்டு ஏன் போகவில்லை என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

புல்லட்டின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். மற்ற பல பழைய வண்டிகளில் முன்விளக்கு தனி, மீட்டர் தனி, ஃபோர்க் தனி. புல்லட்டில் எல்லாம் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் பெரிய விளக்கு, ரெண்டு பக்கமும் புலிக்கண் மாதிரி ரெண்டு குட்டி விளக்கு, மேலே ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர். அதன் மேல்தான் கிளிப் போட்டு ஹேண்டில்பாரைப் பிடிப்பார்கள். இந்த வார்ப்புக்குக் காஸ்கெட் என்று பெயர். பிரெஞ்சில் முன்பக்கம் நீட்டிய தொப்பி என்று பொருள். விளக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைப் பார்த்தால் பெயர் வைத்தவன் ரசிகன் என்று தெரியும்.

சென்னை புதுப்பேட்டையில் போய் "காஸ்கெட் வளையம் இருக்காண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் என்ஜினுக்குப் போடும் கேஸ்கெட் பொட்டலத்தை எடுத்து வந்து வைத்தார். நான் மறுபடி சொன்னேன். அவர் இன்னொரு சைஸ் எடுத்து வந்தார். கடைசியில் போனில் படத்தைக் காட்டினேன். "அட, ஹெட்லைட் தொப்பின்னு சொல்லு தம்பி!" என்றார். பிரெஞ்சுக்காரன் சொன்னதையே அவர் தமிழில் சொல்லிவிட்டார்.

இந்தத் தொப்பியை இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி 1954ஆம் வருஷ மாடல்களில் கொண்டுவந்தது. ரெடிச் அதற்கு முன்பு ஊசிக்குப் பேர்போன ஊர். கம்பெனியே சைக்கிள் செய்து வளர்ந்ததுதான், மோட்டார் வண்டி 1901இல் வந்தது. புல்லட் என்ற பெயர் 1932இலிருந்து இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைப் பகுதிகளுக்கு 350 சிசி புல்லட் வேண்டும் என்று கேட்டது. இறக்குமதி செய்து கொடுத்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். வண்டி பிடித்துப்போனது. 1955இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் ஃபேக்டரி வந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957இல் அந்தப் பாகங்களைச் செய்யும் டூலிங்கையே இங்கே விற்றார்கள். 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது.

அங்கே இங்கிலாந்தில் என்ன ஆயிற்று? ரெடிச் ஃபேக்டரி 1967இல் மூடியது. 1970இல் அந்த நாட்டில் ராயல் என்ஃபீல்ட் தயாரிப்பே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் 1955இன் புல்லட் பெரிய மாற்றம் இல்லாமல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1977இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாத்தா இறந்த பிறகு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரன் ஊருக்குத் திரும்பிப் போன மாதிரி.

இதெல்லாம் பெருமையாகச் சொல்லப்படும் கதை, நானும் பெருமையாகவே படித்திருக்கிறேன். ஆனால் டூலிங்கை வாங்கினார்கள் என்ற ஒரு வரியில் நான் ஒருபோதும் நின்றதில்லை. நின்றது அந்த நட்டுதான்.

*

டூலிங் என்றால் என்ன? வார்ப்பு அச்சு, ஜிக், மரை போடும் டேப், டை. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் டூலிங் வாங்கும்போது வண்டியின் வடிவத்தை மட்டும் வாங்குவதில்லை. அதன் அளவுகோலையும் சேர்த்து வாங்குகிறது. ரெடிச்சின் அளவுகோல் அங்குலம்.

அங்குலத்திலும் ஒரே ஜாதி கிடையாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் மரைக்கு முதன்முதலில் ஒரு பொது ஒழுங்கு கொண்டுவந்தார். மரைப்பல்லின் கோணம் 55 டிகிரி, இன்ன கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை பல் என்று கணக்கு. பிறகு சைக்கிள் செய்தவர்கள் தங்களுக்கென்று தனி மரை வைத்துக்கொண்டார்கள். மெல்லிய குழாய், ஓயாத அதிர்வு என்பதால் பல் நெருக்கமாக வேண்டும். பல அளவுகளுக்கும் பொதுவாக அங்குலத்துக்கு 26 பல், கோணம் 60 டிகிரி. சைக்கிளிலிருந்து வளர்ந்த மோட்டார் வண்டிக் கம்பெனிகள் இந்த மரையையும் கூடவே கொண்டுவந்தன.

என் காஸ்கெட்டின் ஸ்டட் பதினாறில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். நான் போட்ட நட்டு 8 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.06. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் ஸ்டட்டில் அங்குலத்துக்கு 26 பல், சாதாரண 8 எம்.எம். நட்டில் சுமார் 20. முதல் சுற்றில் ஒன்றை ஒன்று பொறுத்துக்கொள்ளும். ரெண்டாவதில் சண்டை. பலம் போட்டு இழுத்தால் ரெண்டில் ஒன்று சாகும். நல்லவேளை, செத்தது நட்டு.

அப்பாவுக்கு இது ஏன் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மரையைத் தடவிப் பார்த்தே சைஸ் சொல்கிறவர். யோசித்தபோது பதில் ஊரிலேயே இருந்தது.

நெய்வேலி கதையை இங்கே படித்த பிள்ளைகள் எல்லாம் ஒப்பிப்போம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. பிறகு ஆய்வுகள். 1956 நவம்பரில் கம்பெனி பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிச்சத்தைப் பார்த்தது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. மின் நிலையத்துக்கு உதவியது சோவியத் ரஷ்யா. மண்ணை அள்ளும் ராட்சச வாளிச் சக்கர எக்ஸ்கவேட்டர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ரஷ்யாவும் ஜெர்மனியும் மில்லிமீட்டர் நாடுகள். ஆகவே இந்த ஊர் பிறந்ததே மில்லிமீட்டரில். அப்பாவின் டூல்பாக்ஸைத் திறந்தால் 10-11, 12-13, 17-19 என்று வரிசை. அவர் கை முப்பத்து நாலு வருஷமாகப் படித்த பாஷை அதுதான்.

அதே 1956இல்தான் இன்னொன்றும் நடந்தது. அந்த வருஷக் கடைசியில் இந்தியா முழுவதும் மெட்ரிக் அளவுகள் என்று சட்டம் வந்தது. அணா போய் 1957இல் நயா பைசா வந்தது. சேர், பலம், கெஜம் எல்லாம் படிப்படியாக விலகின. திருவொற்றியூரில் ஃபேக்டரி எழுந்ததும் அதே 1956. நாடு அங்குலத்துக்கு விடை கொடுக்கச் சட்டம் போட்ட நேரத்தில் கடற்கரையோரம் ஒரு ஃபேக்டரி அங்குலத்தைக் குடிவைத்தது. நூறு மைலுக்கு மேல் தெற்கே ஒரு ஊர் மில்லிமீட்டரில் முளைத்தது. இதில் யாரும் தப்பு செய்யவில்லை. சட்டம் தராசை மாற்றும், பாடப்புத்தகத்தை மாற்றும். டேப்பையும் டையையும் மாற்றக் காசு வேண்டும், புதிதாகக் கணக்குப் போட வேண்டும், பழைய வண்டிகளுக்கு ஸ்பேர் கிடைக்காமல் போகும். அதனால் டூல் தேயும்வரை அளவு வாழும். புல்லட்டிலும் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மெட்ரிக் நுழைந்தது. 1978 வண்டி நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. ஒரு இடத்தில் அங்குலம் பேசும், இன்னொரு இடத்தில் மில்லிமீட்டர் பேசும்.

சாஃப்ட்வேரில் எங்களுக்கு இது பழகிய துயரம். இருபது வருஷம் முன்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இன்றைக்கு நம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். திட்டிக்கொண்டே திருத்துவோம். அந்த ஆள் அன்றைக்கு இருந்த கருவியை வைத்து அன்றைக்கு ஓட வேண்டியதை ஓடவைத்தார் என்பது மட்டும் தோன்றவே தோன்றாது.

*

நட்டு கடைசியில் கிடைத்தது புதுப்பேட்டையில் இல்லை. பஜார் பக்கம் ஒரு சைக்கிள் கடையில்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஸ்டட்டின் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "புல்லட்டா? பழசா?" என்று கேட்டுவிட்டு, சைக்கிள் முன் சக்கர அச்சு நட்டு ஒன்றைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்துக் கொடுத்தார். "இத வெரலாலயே திருகிப் பாரு. போச்சுன்னா உன் மரை சைக்கிள் மரை. ஆனா இத வச்சு வண்டி ஓட்டாத, லேத்துல நல்ல இரும்புல போட்டுக்க."

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். நட்டு ஸ்டட்டில் வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தானும் ஒருமுறை கழற்றித் திருகிப் பார்த்தார். "சைக்கிள் நட்டா!" என்றார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். 1949இல் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றோடு கூட்டாகச் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கிருந்து தமிழ்நாட்டுக் கிராமமெல்லாம் போனது. நம் அப்பாக்களின் புல்லட்டும் தாத்தாக்களின் ஹெர்குலிஸும் ஒரே அங்குலத்துக்குப் பிறந்த பங்காளிகள். ஃபேக்டரிகள் மறந்துகொண்டிருக்கும் அந்த மரையை ஒரு பஞ்சர் கடைக்காரர் தகர டப்பாவில் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதை எந்த மியூசியமும் செய்யவில்லை.

*

அதற்கப்புறம் வேலை வேகமெடுத்தது. செய்யப் போகிறவர்களுக்காக வரிசையைச் சொல்லிவிடுகிறேன், நான் மாற்றிச் செய்து பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம்.

முதலில் ஹேண்டில்பாரைக் கிளிப்பில் லேசாக மட்டும் பிடித்துவையுங்கள். இறுக்கக் கூடாது. பாரின் கனம் எட்டில் ஏழு பங்கு அங்குலம், 22.2 மில்லிமீட்டர். பிறகு லீவர்கள், ரெண்டு பக்கத்துக் கிளாம்பும் கிரிப்பும் உட்கார இடம் விட்டு. இடது பக்கம் கிளட்ச் லீவரோடு குட்டியாக டீகம்ப்ரஷர் லீவரும் உண்டு. அடுத்து நாலு கேபிள்கள்: கிளட்ச், முன் பிரேக், ஆக்ஸிலேட்டர், டீகம்ப்ரஷர். பூட்டியதும் ஹேண்டிலை இடம் வலம் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். லீவர் டேங்கில் இடிக்கக் கூடாது, கேபிள் எங்கேயும் இழுபடக் கூடாது. பின்னால் என்ஜின் ஓடும்போது மறுபடி இதைச் செய்ய வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் தப்பான வழியில் போயிருக்கிறது. அந்த வண்டியை வளைவில் ஓட்டினால் சாவு.

கிரிப் எல்லாவற்றுக்கும் கடைசி. நான் ஆசையில் முதலிலேயே மாட்டிவிட்டேன். பிறகுதான் டீகம்ப்ரஷர் கிளாம்ப் தரையில் கிடப்பதைப் பார்த்தேன். புது ரப்பரை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. இன்னொன்று, ரெண்டு கிரிப்பும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஒன்றல்ல. வலது கிரிப் ஆக்ஸிலேட்டர் உருளை மேல் ஏறுவதால் அதன் துளை பெரிசு. அதை இடதில் போட்டால் கழன்று கையோடு வரும். 

இடையில் ஒருநாள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழைய கிளட்ச் லீவரைக் குரோம் போடக் கொடுப்பதா, புதிதாக வாங்குவதா? நான் ரெண்டுக்கும் தயார். ரெடிச் காலத்து விளம்பரப் படம் ஒன்றை போனில் வைத்திருந்தேன். வண்டி அப்படி மின்ன வேண்டும் என்பது என் கனவு. லீவரைக் கழற்றித் துடைத்தபோது அதன் உள்விளிம்பில் ரெண்டு இடத்தில் குரோம் போய்ப் பித்தளை நிறம் தெரிந்தது. ரெண்டு விரல் அகலம். அப்பாவின் விரல்கள் அங்கே சரியாக உட்கார்ந்தன. குரோம் போடுவதென்றால் முதலில் பழைய பூச்சைக் கழற்றி, பாலிஷ் சக்கரத்தில் தேய்த்துச் சமன் செய்வார்கள். அந்த ரெண்டு விரலும் போய்விடும்.

"ஒரிஜினல்" என்று பழைய வண்டிப் பிரியர்கள் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த வருஷத்து ஒரிஜினல்? தொப்பியின் வடிவம் 1954. வார்ப்பு 1978. மரை விக்டோரியா காலத்து யோசனை. டீகம்ப்ரஷர் லீவர் மந்தாரக்குப்பம் லேத்துக் கடையில் தொண்ணூறுகளில் அப்பா செய்யச் சொன்னது. ஹேண்டில் நட்டு போன வாரம். இந்த வண்டி முழுவதாக ஒரே வருஷத்தில் இருந்ததே இல்லை.

இந்த ஊரும் அப்படித்தான். முதல் அனல்மின் நிலையம் 2020இல் நின்றுபோனது. தோண்டி முடித்த இடங்களில் மேல்மண்ணைத் திரும்பக் கொட்டி மரம் வளர்க்கிறார்கள். பச்சையாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே இருந்த முந்திரித் தோப்பும் கிராமமும் அந்த மரங்களுக்குக் கீழே இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நேரத்தில் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. எங்கள் வீட்டு விளக்கு அந்த மாதிரி மண்ணிலிருந்துதான் எரிந்தது. அதைத் தின்று வளர்ந்த எனக்குத் தீர்ப்புச் சொல்லும் வாய் கிடையாது. பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் எந்த வருஷத்துப் பழையபடி, யாருடைய பழையபடி என்று கேட்கும் பழக்கம் மட்டும் இந்த லீவரால் எனக்கு வந்திருக்கிறது.

லீவரைக் குரோமுக்குக் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் போட்டு, அப்படியே பூட்டினேன். புலிக்கண் விளக்குகளின் வளையம் மட்டும் புதுசு. பழையதைத் துரு தின்றுவிட்டது.

*

சாவி கொடுத்த நாள் காலையில் அப்பா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினார். அம்மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் முள் நடுவுக்கு வந்தது. அந்த இடத்தில் டீகம்ப்ரஷரைப் பிடித்து கிக்கரை ஒரு விரற்கடை இறக்கி விட்டுவிட்டு, காலைத் தூக்கி ஒரே உதை. ரெண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். ஆர்ச் கேட் தாண்டியதும் அப்பா ஓரம் கட்டினார். ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்து ஓடினேன். அவர் இறங்காமல் குனிந்து, ஹேண்டில் கிளிப்பின் நட்டைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சிருக்குடா," என்றார். "அந்தப் பெரியவருக்கு அவரோட நட்டத் திருப்பிக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது. ரெண்டு பேரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி டவுன்ஷிப்புக்குள் போனோம்.